ஏழு கல்லும் ஒரு சிவப்புக் கோடும்

கச்சிராயபாளையம்,
3-8-1998

கண்ணகிக்கு அண்ணி ஆண்டாள் எழுதுவது.

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கும் நிலையில் நான் இல்லை. உன் மகள் கல்யாணத்தில் தாய்மாமனுக்கு முதல் மாலை போடவில்லை என்று உன் அண்ணன் சாப்பிடாமல் எழுந்து வந்தாரே, அன்றைக்கு நின்ற பேச்சு இது. ஒரு வருஷம் ஆகிவிட்டது. அந்தச் சண்டையை ஒரு ஓரமாக வை. இப்போது அதைவிடப் பெரியதாக ஒன்று வந்து வாசலில் நிற்கிறது.

இன்று ஆடிப் பதினெட்டு. கன்னிமாருக்குப் பொங்கல் வைக்கப் பானையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நாலு பேர் முக்காலியை நட்டு, அதன்மேல் தூரக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருத்தன் கையில் பெயிண்ட் டப்பா. மாட்டுக் கொட்டகைத் தூணிலும் நம் அடுப்பங்கரைச் சுவரிலும் சிவப்பாக ஒரு கோடு இழுத்திருக்கிறான்.

“இன்னாய்யா இது? செவுத்துக்கு இன்னாத்துக்கு பொட்டு வெக்கிற?” என்றேன்.

“வெள்ளக் கோடும்மா. கோமுகி பெருகினா தண்ணி இதுவரைக்கும் வரும். பழைய மேப்ப மாத்தி புது மேப் போடறோம். உங்க வூடு கோட்டுக்கு உள்ள இருக்குது” என்றான்.

கோட்டுக்குள் இருக்கிற வீட்டை இடித்துக் கட்டக் கூடாதாம். மேலே எழுப்பக் கூடாதாம். ஓட்டை எடுத்துவிட்டுத் தளம் போடலாம் என்று பாங்கில் எழுதிக் கொடுத்திருந்தோமே, அந்த மேனேஜர் மத்தியானமே சொல்லி அனுப்பிவிட்டார், ஆற்றுக்குள் இருக்கிற வீட்டுக்குக் கடன் கிடையாது என்று. இனி இந்த வீட்டை யாரும் விலைக்குக்கூடக் கேட்க மாட்டார்கள்.

இதில் ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்குக் கிழக்கே ஆறு. வீட்டுக்குப் பின்னால் மேற்கே, வண்டிப்பாதையைத் தாண்டி, உன் அப்பா உனக்குச் சீராகக் கொடுத்த கொல்லை. எங்கள் வீட்டைச் சுற்றி வளைத்த கோடு, உன் கொல்லைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உன் வீட்டுக்காரர் கந்தசாமி வாத்தியார் எலெக்‌ஷன் வேலை, கணக்கெடுப்பு வேலை என்று எல்லா ஆபீஸரையும் தெரிந்து வைத்திருக்கிறவர். அவர் ஏதாவது செய்தாரா? மனசில் வைத்துக்கொண்டு புழுங்க எனக்குத் தெரியாது. கேட்டுவிட்டேன்.

ஆண்டாள்


வெள்ளிமலை,
9-8-1998

அண்ணிக்குக் கண்ணகி வணக்கத்துடன் எழுதுவது.

ஒரு வருஷம் கழித்து உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவள், ஆயம்மாவிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு ஓடிவந்து பிரித்தேன். கடைசி பாராவைப் படித்ததும் சந்தோஷம் எல்லாம் வடிந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் இந்த மலையில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறார். கீழே எவன் எந்த முக்காலியை நட்டான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? உங்கள் கடிதத்தை அவரிடம் படித்தே காட்டினேன். “அவுங்க வூட்டுல மழ பெஞ்சாலும் என்னைத்தான் சொல்லுவாங்க” என்றார். நியாயம்தானே?

அண்ணி, கோபத்தில் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். அப்பா எனக்குக் கொடுத்தது அந்தக் கொல்லை ஒன்றுதான். அதில் கோடு விழவில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்து நான் சாமிக்குக் கற்பூரம் ஏற்றினேன். வருகிற மே மாதம் அவருக்கு ரிட்டயர்மெண்ட். வாடகைக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். தையில் அங்கே கடைக்கால் தோண்ட நாள் குறித்துவிட்டோம். வீட்டுப் படம்கூட வரைந்தாகிவிட்டது. கிழக்கே பார்த்த வாசல். உங்கள் பின்வாசலும் என் முன்வாசலும் பார்த்துக்கொண்டிருக்கும். சண்டை போடவும் வசதி, குழம்பு வாங்கவும் வசதி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

எங்களைச் சந்தேகப்படுவதை விட்டுவிட்டு ஒன்று யோசியுங்கள். தண்ணீர் அதுவரை வரும் என்று அவர்களுக்கு யார் சொன்னது? நம் வீட்டு ஆளே யாராவது வாயைக் கொடுத்தார்களா?

கண்ணகி


கச்சிராயபாளையம்,
16-8-1998

கண்ணகி,

நீ கேட்டாயே, வாயைக் கொடுத்தது யார் என்று. உன் அண்ணன்தான். பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வந்த சிங்கம், தானே போய்ச் சொல்லியிருக்கிறது.

நான் கத்திய கத்தலில் நேற்று விஷயம் வெளியே வந்தது. கோடு இழுக்க வந்த நாலு பேரில் ஓவர்சியர், முதலில் வந்தபோது இவரிடம்தான் விசாரித்திருக்கிறான். “இந்தப் பக்கம் கடைசியா வந்த பெரிய வெள்ளம் எதுவரைக்கும் ஏறுச்சு பெரியவரே?” என்று கேட்டானாம். இவருக்குப் பெரியவரே என்றதும் தலைகால் புரியவில்லை. மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில், புங்க மரத்தடியில் இருக்கும் நம் கன்னிமார் ஏழு கல்லையும் காட்டியிருக்கிறார். “எங்க வூட்டு வழக்கம் சார் இது. வெள்ளம் வந்து எந்த எடத்துல நின்னு திரும்பிச்சோ, அந்த எடத்துலதான் கன்னிமார நிறுத்துவோம். இத்தோட நில்லும்மான்னு கும்புடறது. எங்க அப்பா காலத்துல வெச்ச கல்லு” என்று மார்தட்டியிருக்கிறார். பக்கத்துக் கொட்டாய் அமிர்தமும் வந்து, ஆமாம் ஆமாம், அதுதான் வழக்கம் என்று சத்தியம் செய்திருக்கிறாள். அவன் கல்லிலிருந்து மட்டம் பிடித்துக் கோட்டை இழுத்துவிட்டான். ஆனை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

“வெள்ளத்த நீ கண்ணால பாத்தியா?” என்று கேட்டேன். “நான் அப்ப காஷ்மீர்ல இருந்தேன்” என்கிறார். உன் கல்யாணத்துக்கே லீவு கிடைக்காத மனுஷன், அதற்கு முந்தின வருஷத்து வெள்ளத்தை எங்கே பார்த்தார்? நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்ததே அதற்கு மூன்று வருஷம் பொறுத்து. அமிர்தமும் அப்படித்தான். மாமனாரும் மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அப்போது நம் கொட்டாய் ஊரைவிட்டுத் தள்ளி ஒண்டியாக இருந்ததாம். வெள்ளத்தன்று ஊரெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிட்டதாம். யாரைக் கேட்டாலும் கல்லைத்தான் காட்டுகிறார்கள்.

ஆனால் எனக்கு ஒன்று உறுத்துகிறது. நம் அடுப்பங்கரைச் சுவர் உன் தாத்தா வைத்த மண் சுவர். அதன் காலடி வரைக்கும் வெள்ளம் வந்திருந்தால் அது கரைந்து உட்கார்ந்திருக்காதா? கல்லு மாதிரி நிற்கிறதே!

செப்டம்பர் பதினைந்தாம் தேதி பஞ்சாயத்து ஆபீஸில் ஆட்சேபணை கேட்கிறார்கள். அதற்குள் யாராவது நேரில் பார்த்தவர்கள் சொல்ல வேண்டும். அதோடு மேப் முடிந்துவிடும். வெள்ளத்தன்று இந்த வீட்டில் இருந்தவர்களில் இப்போது உயிரோடு இருப்பது நீ ஒருத்திதான். உனக்கு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா?

உன் வீட்டுக்காரரைச் சொன்னது தப்புதான். அதற்காகக் காலில் விழ மாட்டேன். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஆண்டாள்


வெள்ளிமலை,
24-8-1998

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே அவருக்குக் காய்ச்சல். சத்துணவுக் கூடத்துக்கும் அரிசி வரவில்லை, அதன் பின்னால் அலைகிறேன். சாமை அறுப்பு வேறு நெருங்குகிறது, பிள்ளைகள் பாதிப் பேர் காட்டுக்குப் போய்விட்டார்கள்.

வெள்ளத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ரொம்ப நாள் ஆகிவிட்டது அண்ணி. யோசித்துப் பார்த்து எழுதுகிறேன்.

அண்ணனைத் திட்டாதீர்கள்.

கண்ணகி


கச்சிராயபாளையம்,
2-9-1998

கண்ணகி,

நாலு வரியில் நீ எழுதிய கடிதத்தைப் படித்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீயா நாலு வரியில் நிறுத்துகிறவள்? ஏதோ இருக்கிறது. சரி, நீ சொல்லாவிட்டால் போகட்டும் என்று கடப்பாரையை எடுத்துக்கொண்டு நானே இறங்கிவிட்டேன்.

கோமுகி எங்கே பெருகினாலும் மணலைக் கொட்டாமல் போகாது. போன முறை சின்னதாகப் பெருகியபோதே கீழ்க்கரையில் செல்லியம்மாளின் வயலில் ஒரு முழம் மணல் தள்ளியதைப் பார்த்திருக்கிறேன். அதை நினைத்துக்கொண்டு முதலில் கன்னிமார் கல்லுக்குப் பக்கத்தில் முழங்கால் ஆழம் தோண்டினேன். செம்மண், அதற்குக் கீழே சுக்கான் கல். மணல் என்று கண்ணில் ஒத்திக்கொள்ள ஒரு பிடி இல்லை! துள்ளிக் குதிக்காத குறைதான். உன் அண்ணன் திகைத்துப்போய் வந்து, “இன்னாடி பொதையல் எடுக்கிறியா?” என்கிறார். ஆமாம், புதையல்தான் என்றேன்.

அதே வேகத்தில் நான்கு பக்கமும் தோண்டினேன். ஆற்றுப் பக்கம் மேடு. அங்கேயும் இல்லை. பிறகு வண்டிப்பாதையைத் தாண்டி, ஆடு மேய்க்கப் போனபோது, உன் கொல்லையில் இரட்டைப் பனைக்குக் கீழே ஒரு குத்து குத்தினேன். உன்னைக் கேட்காமல் செய்தது தப்புதான். ஒரு முழத்துக்குக் கீழே வெள்ளை வெளேர் என்று ஆற்று மணல், கண்ணகி. நத்தை ஓட்டோடு. வீட்டுக்கும் பின்னால், ஆற்றுக்கு எட்டத்தில் இருக்கிற உன் நிலத்தில் அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் வந்திருக்கிறது.

குழியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். இதை நான் பதினைந்தாம் தேதி சொன்னால் என் வீடு தப்பிக்கும். உன் வீடு படத்தோடு நின்றுவிடும். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு பொழுது முழுக்க யோசித்தேன். என்னால் முடியாது. நான் மகாத்மா இல்லை. இந்தச் சுவருக்குள் மூன்று பிள்ளை பெற்றிருக்கிறேன். ஆனால் உனக்குத் தெரியாமல் செய்தால் அது முதுகில் குத்துவது. அதனால் முதலில் உனக்கு எழுதுகிறேன். பதினைந்தாம் தேதி நான் அந்தக் குழியைக் காட்டப் போகிறேன். நீ வந்து என்னோடு சண்டை போடுவதானால் போடு. நேரில் வந்து போடு.

ஆண்டாள்


வெள்ளிமலை,
2-9-1998

அண்ணிக்கு,

போன கடிதத்தில் நான் பொய் எழுதினேன். அவருக்குக் காய்ச்சல் இல்லை. எனக்குத்தான் உள்ளுக்குள் காய்ச்சல்.

கன்னிமார் கல் என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்த அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் வந்துவிட்டது. அந்தக் கல் அங்கே இருந்ததே இல்லை அண்ணி. என் கல்யாணத்துக்கு முந்தின நாள் விடியற்காலையில்தான் அங்கே வந்தது.

வெள்ளம் என் கொல்லையில்தான் வந்தது. ஆற்றுப் பக்கமிருந்து இல்லை, பின்னாலிருந்து. மேற்கே அப்போது ஒரு ஓடை உண்டு. மலையடிவாரத்தில், அணைக்குக் கீழே ஆற்றிலிருந்து பிரிந்து, சுற்றிக்கொண்டு வந்து கீழே மறுபடி ஆற்றிலேயே சேரும். வெள்ளத்தில் அது பிய்த்துக்கொண்டு வந்தது. வீடு மேட்டில் நின்றது. நாங்கள் பின்வாசல் படியில் நின்று பார்த்தோம். இரட்டைப் பனையடியில் தண்ணீர் வந்து நின்று திரும்பியது. அம்மா அங்கேதான் ஏழு கல்லையும் நிறுத்திக் கும்பிட்டாள்.

மறு வருஷம் எனக்குக் கல்யாணம் கூடியது. அந்தக் கொல்லையை எனக்குச் சீராக எழுதிவைத்தார் அப்பா. எழுதிவைத்த பிறகுதான் பூசாரி சொன்னாராம், “மண்ணு பொண்ணோட போவலாம். சாமி போவக்கூடாது. கன்னிமார் அவ கொல்லையில இருந்தா ஆம்பள வாரிசு வூட்டுல தங்காது” என்று. நலங்கு வைத்த மஞ்சளோடு நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அப்பா ஒவ்வொரு கல்லாக ஈரத் துண்டில் சுற்றி எடுத்து வந்து புங்க மரத்தடியில் வைத்தார். அம்மா அழுதாள். எனக்கு அப்போது எவ்வளவு வலித்தது என்று இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. நிலத்தைக் கொடுத்துவிட்டு, அதிலிருந்த சாமியைத் திருப்பி எடுத்துக்கொண்டார்களே என்று.

பிறகு யாரோ ஓடையைத் தூர்த்துக் கரும்பு வைத்துவிட்டார்கள். எல்லாரும் மறந்தார்கள். நானும் மறந்தேன். கடைக்கால் போட நாள் குறிக்கிறபோதுகூட எனக்கு ஓடை ஞாபகம் வரவில்லை பாருங்கள்.

இவரிடம் சொன்னேன். “கோடு நம்ம மேல இல்லாதப்ப நாமளே போயி இழுத்து வுட்டுக்கணுமா? வாய மூடிக்கினு இரு” என்றார். ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தேன். சோறு இறங்கவில்லை. பதினைந்தாம் தேதி முதல் பஸ்ஸில் வருகிறேன். நானே சொல்கிறேன்.

கண்ணகி


கச்சிராயபாளையம்,
20-9-1998

அடி கண்ணகி!

உன் கடிதம் இங்கே வந்த அன்றைக்குத்தான் என் கடிதம் அங்கே வந்திருக்கிறது. எங்கோ மலைப்பாதை வளைவில் இரண்டு பஸ்ஸும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும்!

பஞ்சாயத்து ஆபீஸில் நீ பேசியதை இன்னும் ஊரே பேசிக்கொண்டிருக்கிறது. “ஆறு கிழக்கால இருக்குது, வெள்ளம் மேற்கால இருந்து வந்துச்சுன்றீங்களேம்மா” என்று அந்த இஞ்சினியர் சிரித்ததும், நீ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “ஓடைய தூத்து கரும்பு வெச்சுட்டா ஆளுங்க மறந்துடுவாங்க சார், தண்ணி மறக்குமா?” என்றாயே. எனக்குப் புல்லரித்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் சிரிக்கவே இல்லை. என் குழியைப் பார்த்தார், மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தார், ஓடை போன வழியெல்லாம் மட்டம் பிடித்தார்.

நேற்று வந்து நம் சுவரில் சிவப்பின் மேல் வெள்ளை அடித்துவிட்டுப் போனார்கள். பாங்க் மேனேஜர் மறுபடி வரச் சொல்லிவிட்டார். வீடு தப்பியது!

இரட்டைப் பனையடியில் எல்லைக் கல் நட்டிருக்கிறார்கள். அதற்கு மேற்கே உன் கொல்லை அத்தனையும் கோட்டுக்குள்.

அன்றைக்கு நீ பேசி முடித்ததும் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டாய். உன் அண்ணன் ஓடி வந்தார், பஸ் போய்விட்டது. ஸ்டாப்பிங்கிலேயே ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தார். ராத்திரி சாப்பிடும்போது தலையைத் தூக்காமல் சொன்னார், “நம்ம வடக்கால களம் சும்மாதான கெடக்குது. மேட்டு நெலம். அவ அங்க கட்டிக்கட்டும்” என்று. நான் சொல்லிக்கொடுத்துச் சொன்னது இல்லை. சத்தியமாக அவராகவே சொன்னது. களத்தை எடுத்துக்கொள், கண்ணகி. பிள்ளைகள் எல்லாம் வெளியூர் போன பிறகு அங்கே நெல் அடிக்கவா போகிறோம்?

ஆண்டாள்


வெள்ளிமலை,
28-9-1998

அண்ணிக்கு,

உங்கள் சுவரில் வெள்ளை அடித்தது எனக்கு மெய்யாகவே சந்தோஷம். அதைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்ல வேண்டும்.

களம் எனக்கு வேண்டாம். நான் சாட்சி சொன்னதற்குக் கூலி வாங்கினேன் என்று நாலு பேர் பேசுவார்கள். இவர் ஏற்கெனவே என்னோடு சரியாகப் பேசுவதில்லை. வீட்டுப் படத்தைச் சுருட்டிப் பரண்மேல் போட்டுவிட்டார். நைனார்பாளையத்தில் அவருடைய சித்தப்பா வீட்டில் ஒரு அறை காலியாம், அங்கே போய்விடலாம் என்கிறார். ஐம்பது வயசு வரைக்கும் இன்னொருத்தர் கூரையின் கீழ் இருந்தாகிவிட்டது, மிச்சமும் அப்படியே போகட்டும்.

இல்லை, உள்ளதை எழுதுகிறேன். எனக்குக் களம் வேண்டும். ஆசையாக இருக்கிறது. ஆனால் தர்மமாக வேண்டாம். மாற்றுக்கு மாற்று என்றால் சரி. களத்துக்குப் பதிலாக என் கொல்லையில் பாதியை நீங்கள் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கோடு வீட்டுக்குத்தானே, பயிருக்கு இல்லையே. ஓடை வண்டலில் கரும்பு ஆள் உயரம் நிற்கும். இரட்டைப் பனை நிற்கிற துண்டு மட்டும் என் பேரிலேயே இருக்கட்டும்.

அப்புறம் ஒன்று. அந்த ஏழு கல்லும் இரட்டைப் பனையடிக்குத் திரும்பி வர வேண்டும். என் நிலத்துக்கு. இதற்கு அண்ணன் சம்மதித்தால் களம். இல்லையென்றால் நைனார்பாளையம்.

கண்ணகி


கச்சிராயபாளையம்,
7-10-1998

கண்ணகி,

உன் கடிதத்தால் எங்கள் வீட்டில் நடந்தது சண்டை இல்லை, யுத்தம். மாற்றுப் பத்திரத்துக்கு உன் அண்ணன் உடனே தலையாட்டிவிட்டார். கல் என்றதும் குதித்தார். “பொண்ணோட சாமிய அனுப்பினா வூடு விளங்காதுடி. எங்கப்பா கையால கொண்டாந்து வெச்ச கல்லு.”

எனக்கு வந்தது பார் ஆத்திரம். “கல்ல தூக்கிக்கினு வந்து இங்க வெச்சதாலதான வூட்டுக்குள்ள செவப்புக் கோடு வந்துது? இன்னும் இன்னா விளங்கணும்? உன் தங்கச்சி வாயத் தொறக்கலன்னா நீ ஆத்துக்குள்ளதான் குடித்தனம் பண்ணிக்கினு இருப்ப. வெள்ளம் நின்ன எடத்துல கன்னிமார் நிக்கணும்ன்றது உங்க வழக்கம். அது எவ கொல்லையா இருந்தா இன்னா?” என்று கேட்டேன். எனக்கும் பிறந்த வீட்டில் ஒரு சாமி உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு நான் அதற்கு ஒரு கற்பூரம் ஏற்றியதில்லை. அதையும் சேர்த்துத்தான் கத்தினேன் என்று நினைக்கிறேன்.

இரண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். நேற்றுச் சாயந்திரம் பார்க்கிறேன், இரட்டைப் பனையடியில் புல்லைச் செதுக்கிக்கொண்டிருக்கிறார். நான் எட்டிப் பார்த்ததும், “எடம் சுத்தமா இருக்கணும்ல” என்றார். அவ்வளவுதான் அவர் சம்மதம்.

ஐப்பசி முதல் வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது. கல்லை நீதான் உன் கையால் எடுத்து வைக்க வேண்டும். வந்து சேர். உன் வீட்டுக்காரர் வர மாட்டேன் என்றால், பரண்மேல் இருக்கிற படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வா. வாசல் எந்தப் பக்கம் வைப்பது என்று பார்ப்போம்.

ஆண்டாள்


வெள்ளிமலை,
27-11-1998

அண்ணி,

தபாலுக்கு நேரம் இல்லை. கண்டக்டர் ராசுவிடம் கொடுத்து அனுப்புகிறேன். இதுதான் கடைசி பஸ், இதற்கு மேல் மலைப்பாதையில் வண்டி விட மாட்டார்கள்.

மேலே மழை பேய்க் கூத்து ஆடுகிறது. நான் இங்கே வந்த நாளிலிருந்து இப்படிப் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற ஓடையில் மரம் மிதந்து போகிறது. இது எல்லாம் நாளைக்கு உங்கள் கோமுகி அணைக்கு வந்து சேரும். ஷட்டரைத் தூக்காமல் இருக்க முடியாது.

நான் வந்து கல்லை வைத்துவிட்டுப் போனபோது, கொல்லைப் பக்கத்தில் ஆட்டுப்பட்டி போட்டிருந்தீர்களே, அதை உடனே மேட்டுக்கு ஏற்றுங்கள். ஆற்றுப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். பின்னால் பாருங்கள். பின்னாலிருந்துதான் வரும்.

இவர் சொல்லச் சொல்கிறார், “மாமாவ கரைக்குப் போவ வேணாம்னு எழுது.” பார்த்தீர்களா, மாமா என்கிறார்!

கண்ணகி


கச்சிராயபாளையம்,
30-11-1998

கண்ணகி! கண்ணகி!

நாங்கள் எல்லாரும் நலம். ஆடு, மாடு, கோழி எல்லாம் நலம். இதை முதலில் படித்து மூச்சு விட்டுக்கொள்.

பின்னாலிருந்துதான் வந்தது!

உன் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்த ராசு நல்லா இருக்கட்டும். உடனே பட்டியைக் களத்து மேட்டுக்கு ஏற்றினோம். மறுநாள் ஊரே ஆற்றங்கரையில் நின்று கிழக்கே வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறது. நானும் உன் அண்ணனும் பின்வாசல் படியில் நின்று மேற்கே பார்க்கிறோம். மத்தியானம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற நேரம். கரும்புத் தோட்டத்துக்குள் சலசலவென்று ஒரு சத்தம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூர்த்த ஓடை திறந்துகொண்டது. தன் பழைய வழியைக் கையால் தடவிக் கண்டுபிடிக்கிற மாதிரி வளைந்து வளைந்து வந்தது. உன் கொல்லை நிறைந்தது. வேலிக்கால் மூழ்கியது. கிழக்கு வாசல் வைக்கிறேன் என்றாயே, அந்த இடத்தில் ஆள் ஆழம்.

ஏறி வந்த தண்ணீர் இரட்டைப் பனையைத் தொட்டது. நீ உன் கையால் வைத்த ஏழு கல்லின் காலையும் நனைத்தது. அதற்கு மேல் ஒரு விரற்கடை ஏறவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்று, அப்புறம் இறங்க ஆரம்பித்தது. இஞ்சினியரின் எல்லைக் கல்லும் நம் கன்னிமாரும் பக்கத்தில் பக்கத்தில் நனைந்து நின்றார்கள். நான் குலவை போட்டேன். அமிர்தம் ஓடி வந்து அவளும் போட்டாள்.

உன் அண்ணன் மட்டும் தண்ணீர் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். திரும்பி என்னைப் பார்த்து, “இது அடுத்த வருஷம் வந்திருந்தா என் தங்கச்சி இங்கதானடி தூங்கிக்கினு இருந்திருப்பா” என்றார். சொல்லிவிட்டு அழுதார், கண்ணகி. மாமனார் செத்தபோதுகூட அழாத மனுஷன்.

இன்று தண்ணீர் வடிந்துவிட்டது. உன் கொல்லைப் பள்ளத்தில் விரால் துள்ளுகிறது! உன் அண்ணன் துண்டை விரித்து நாலு விராலைப் பிடித்துக்கொண்டு வந்தார், ஒவ்வொன்றும் முழங்கை நீளம். அறுக்கப் போனேன், அருவாமனையைப் பிடுங்கி வைத்துவிட்டார். “இது அவ நெலத்து மீனு. அவ வந்துதான் குழம்பு வெக்கணும். அதுவரைக்கும் எனக்கு ரசம் போதும்” என்கிறார். மாட்டுத் தொட்டியில் உயிரோடு விட்டிருக்கிறேன். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனால் அவை மாட்டைப் பார்த்துத் துள்ளுகின்றன, மாடு மிரளுகிறது.

பஸ் ஓட ஆரம்பித்ததும் முதல் வண்டியில் ஏறு. உன் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வா. மாமா என்று சொன்னவர் நேரில் வந்து சொல்லட்டும். உங்கள் இரண்டு பேருக்கும், உன் அண்ணனுக்கும் சேர்த்து வாழையிலை அறுத்து வைத்திருக்கிறேன். இந்தத் தடவை யாரும் சாப்பிடாமல் எழுந்து போகக் கூடாது.

உன் அண்ணி
ஆண்டாள்